இருவீச்சு எஞ்சினும் சென்னைப் பட்டறைகளும்: சிறு மோட்டார் சைக்கிள் பழுதுநீக்க அறிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியச் சாலைகளில் ஓடிய சிறு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இருவீச்சு எஞ்சின் கொண்டவை. அவற்றைப் பழுதுபார்த்தும் சீரமைத்தும் ஓடவைத்த அறிவு, பெரும்பாலும் எழுத்தில் பதிவாகாமல் சாலையோரப் பட்டறைகளிலேயே உருவாகி, அங்கேயே கைமாறி வந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய தென், மத்திய சென்னைப் பகுதிகளை மையமாகக் கொண்டு, அவ்வறிவு எவ்வாறு உருவாயிற்று, எத்தகைய சொற்களில் இயங்கிற்று, எக்காரணங்களால் அருகி வருகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பட்டறை அறிவைத் தமிழ்நாட்டுத் தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு சான்றுமூலமாகக் கொள்ள வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இருவீச்சு எஞ்சின், பட்டறை, மெக்கானிக், சென்னை, கைத்தொழில் அறிவு, பட்டறைத் தமிழ்.

முன்னுரை

தமிழ்நாட்டின் மோட்டார்த் தொழில் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. திருவொற்றியூர், பாடி, அம்பத்தூர், ஓசூர் ஆகிய இடங்களில் எழுந்த தொழிற்சாலைகளும் அவற்றை நிறுவியவர்களும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றனர். ஆலையை விட்டு வெளியேறிய வண்டி, பத்து அல்லது இருபது ஆண்டுகள் யாருடைய கையில் உயிர்வாழ்ந்தது என்னும் வினா அதில் எழுப்பப்படுவதில்லை. ஒரு வண்டி ஆலையில் கழித்த காலம் சில நாள்களே. அதன் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் பட்டறையைச் சார்ந்தே அமைந்தது. இக்கட்டுரை அந்த இரண்டாம் வாழ்நாளைப் பற்றியது.

இருவீச்சு எஞ்சினை ஆய்வுக்குத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நால்வீச்சு எஞ்சினில் உள்ள வால்வுகளும் அவற்றை இயக்கும் உறுப்புகளும் இதில் இல்லை. பிஸ்டனே மேலும் கீழும் நகர்ந்து, சிலிண்டர்ச் சுவரில் உள்ள துளைகளைத் திறந்து மூடுகிறது. உறுப்புகள் குறைவாதலால், சில ஸ்பேனர்களும் ஒரு ஸ்குரூ டிரைவரும் வைத்திருப்பவர் மரநிழலில் அமர்ந்தே எஞ்சினைப் பிரித்துவிட முடியும். ஆயினும், அளவுகளில் ஏற்படும் சிறு பிழையும் எஞ்சினைக் கெடுத்துவிடும். எளிதில் திறக்கக்கூடியதாகவும் பிழையைப் பொறுக்காததாகவும் இருந்த இவ்வியல்பே, முறைசார் கல்வி பெறாத ஒரு தொழிலாளர் கூட்டத்திடம் நுட்பமான அறிவு திரள வழிவகுத்தது.

எஞ்சின் வந்த வழி

இருவீச்சு முறைக்கு 1881இல் டியூகல்டு கிளார்க் காப்புரிமை பெற்றார். கிராங்க் அறையையே காற்றழுத்தும் கருவியாகப் பயன்படுத்தும் எளிய வடிவத்தை 1890களில் ஜோசப் டே உருவாக்கினார். 1920களில் ஜெர்மனியில் ஷ்னூர்லே வகுத்த வாயு வெளியேற்ற முறையைக் கையாண்ட டி.கே.டபிள்யூ. நிறுவனம், 1939இல் ஆர்.டி. 125 என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. போருக்குப் பின் அவ்வண்டியின் வடிவமைப்பைப் பல நாடுகள் பின்பற்றின. 1955இல் வெளிவந்த யமஹாவின் முதல் வண்டியான ஒய்.ஏ. 1 அதனை அடியொற்றியதே.

கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்னும் பொறியாளர், சைலன்சரின் வடிவத்தை மாற்றி அதில் எழும் அழுத்த அலைகளைக் கொண்டே எஞ்சினின் ஆற்றலை உயர்த்தும் முறையை 1950களில் வளர்த்தெடுத்தார். அவருடைய அணியில் பந்தய வீரராக இருந்த எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது.

இவ்விரு ஜப்பானிய நிறுவனங்களும் 1980களில் இந்தியாவுக்கு வந்தன. ஓசூரில் தயாரான இந்த்-சுசுகி ஏ.எக்ஸ். 100 வண்டி 1984இலும், எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவில் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி 1985இலும் சந்தைக்கு வந்தன. அதற்கு முன்பே இருவீச்சு வண்டிகள் சென்னைக்கு அறிமுகமானவை. மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை 1961இல் தொடங்கியது. போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியின் வடிவமைப்பில் உருவான எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் 175 அதே காலத்தது. 1955இல் திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கிய என்பீல்டு இந்தியா, 1960களில் வில்லியர்ஸ் இருவீச்சு எஞ்சின் பொருத்திய 175 சி.சி. வண்டிகளையும், 1980களில் ஜெர்மனியின் சுண்டாப் வடிவமைப்பிலான சிறு வண்டிகளையும் செய்தது. 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட், இருவீச்சு எஞ்சினைப் பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை எல்லோருடைய வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்தது.

ஆகவே, ஒரு மயிலாப்பூர்ப் பட்டறையில் 1980களின் இறுதியில் அருகருகே நின்ற வண்டிகள் செக்கோஸ்லோவாகியா, போலந்து, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளின் பொறியியல் மரபுகளைத் தாங்கியிருந்தன. அவை அனைத்தையும் ஒரே மெக்கானிக் கையாண்டார். மரபுகளை ஒப்பிட்டறியும் வாய்ப்பு, ஒரே வடிவமைப்பைச் செய்துவந்த ஆலைத் தொழிலாளியைவிட அவருக்கே மிகுதியாகக் கிட்டிற்று.

உதிரிப் பாகங்களின் புவியியல்

உரிம ஆட்சிக் காலத்தில் புதிய வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே, வைத்திருக்கும் வண்டியை இயன்றவரை ஓட்டுவதே நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாயிற்று. பட்டறைகளின் பெருக்கத்துக்கு இப்பற்றாக்குறை அடிப்படைக் காரணம்.

அப்பட்டறைகள் தனித்து இயங்கவில்லை. அண்ணாசாலையிலிருந்து இராயப்பேட்டைப் பக்கம் பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிப் பாகங்களும், கூவம் ஆற்றையொட்டிய புதுப்பேட்டையில் கழித்த வண்டிகளிலிருந்து பிரித்தெடுத்த பாகங்களும் கிடைத்தன. நகரின் வடக்கே செம்பியத்தில் 1949இல் நிறுவப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் ஆலை பிஸ்டன்களையும் ரிங்குகளையும் செய்தது. அம்பத்தூரில் செயின்கள் உருவாயின. 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையும் அதைச் சூழ்ந்த லேத் பட்டறைகளும், கடைகளில் கிடைக்காத புஷ்களையும் பின்களையும் கடைந்து கொடுக்கும் இடங்களாயின.

தியாகராய நகர் 1920களில் ஏரிப் பரப்பை நிரப்பி உருவாக்கிய குடியிருப்பு நகர். மயிலாப்பூர் கோயிலைச் சுற்றி வளர்ந்த பழைய ஊர். இவ்விரு பகுதிகளிலும் பெரும் ஆலைக்கு இடமில்லை. ஆயினும் காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் எடுத்துச் செல்லும் அலுவலர்கள் மிகுதி. ஆதலால், தெருமுனையிலும் வீட்டுப் புறக்கடையிலும் இயங்கும் சிறு பட்டறை இங்கு இயல்பாகப் பொருந்திற்று. சிலிண்டரைக் கழற்றுவது மயிலாப்பூரில், அதைக் கடைவது வேறோரிடத்தில், பிஸ்டன் வாங்குவது ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எனப் பணி பிரிந்திருந்தது. இப்பாகங்களைச் சுமந்து அலைந்த பட்டறைப் பையனே அவ்வலைப்பின்னலை இணைத்தவன். தொழிலை அவன் கற்றதும் அவ்வலைச்சலின் வழியேதான்.

பழுதறியும் முறை

பட்டறையின் பழுதறியும் முறை புலன்களைச் சார்ந்தது. அதற்கென்று ஓர் ஒழுங்கும் உண்டு. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பர். அதன் முனை செங்கல் அல்லது தேநீர் நிறத்தில் இருப்பின் எரிதல் சரியாக உள்ளது. கறுத்து ஈரமாக இருப்பின் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி. வெளுத்திருப்பின் பெட்ரோல் போதவில்லை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. இம்மூன்றாவது அறிகுறியே ஆபத்தானது. இருவீச்சு எஞ்சினில் மசகெண்ணெய் பெட்ரோலுடனோ உள்ளிழுக்கும் காற்றுடனோ சேர்ந்தே உள்ளே செல்கிறது. பெட்ரோல் குறைந்து வெப்பம் ஏறினால் எண்ணெய்ப் படலம் அறுந்து, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும்.

கார்பரேட்டரில் ஜெட்டை மாற்றுவதும் ஊசியின் கிளிப்பை இடம் மாற்றுவதும் அடுத்த நிலை. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலேறி, பெட்ரோல் கூடுதலாகச் செல்லும். இதிலும் கோளாறு தீராவிடில், கிராங்க் அறையின் ஆயில் சீல்கள் ஐயத்துக்கு உள்ளாகும். தேய்ந்த சீல் வழியே காற்று நுழைந்தால் எந்த ஜெட்டும் பயன்தராது. காரணத்தை வெளியிலிருந்து உள்ளே, செலவு குறைந்ததிலிருந்து மிகுந்ததற்கு என்ற வரிசையில் தேடும் இம்முறை, வாடிக்கையாளரின் பணத்தையும் கருதி அமைந்தது.

பழைய வண்டிகளில் லிட்டர் பெட்ரோலுக்கு 40 முதல் 50 மில்லி எண்ணெய் கலந்தாக வேண்டும். ஏ.எக்ஸ். 100, ஆர்.எக்ஸ். 100 வண்டிகளில் எண்ணெய்க்குத் தனித் தொட்டியும் பம்பும் இருந்தன. எண்ணெய் எரிவதால் படியும் கரி, சைலன்சரையும் வெளியேற்றத் துளையையும் அடைத்து ஆற்றலைக் குறைக்கும். எனவே ‘கரி எடுத்தல்’ பட்டறையின் அன்றாடப் பணியாயிற்று. சைலன்சரின் உட்குழாயை உருவி நெருப்பில் சுட்டு அல்லது காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கரியை நீக்கினர்.

தேய்ந்த சிலிண்டரை 0.25 மில்லிமீட்டர் படிநிலைகளில் அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவதே ‘போர் அடித்தல்’. இங்குப் பட்டறை அனுபவம் கற்பித்த ஒரு நுணுக்கம் குறிப்பிடத்தக்கது. கடைந்த பின் துளைகளின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகிவிடும். அவ்விளிம்பைச் சிறு அரத்தால் மழுக்காமல் எஞ்சினைப் பூட்டினால் ரிங் துளையில் மாட்டி ஒடியும். லேத்காரர் மழுக்கியிருப்பார் என்று மெக்கானிக்கும், மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்று லேத்காரரும் விட்டுவிட்டால் செலவு முழுதும் வீண். எனவே தேர்ந்த மெக்கானிக், சிலிண்டர் திரும்பி வந்ததும் முதலில் துளை விளிம்பைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார்.

பந்தயத் தடமும் மண்பாதையும்

1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்தி வந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் அமைந்தது. இப்பந்தயங்கள், நகரப் பட்டறைகளுக்கு ‘செட்டிங்’ எனப்படும் எஞ்சின் மேம்பாட்டுக் கலையின் மீது ஆர்வத்தைத் தூண்டின. வெளியேற்றத் துளையின் மேல்விளிம்பை அரத்தால் உயர்த்துதல், தலைப்பகுதியைக் கடைந்து அழுத்தத்தைக் கூட்டுதல், காடன் வகுத்த வடிவிலான புகைக்குழாயைத் தகட்டில் சுருட்டிப் பற்றவைத்தல் ஆகியன அக்கலையின் கூறுகள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை இருந்தது. துளையை உயர்த்தினால் உயர்சுழற்சியில் ஆற்றல் கூடும். ஆனால் தாழ்சுழற்சியில் இழுவை குன்றும். பந்தயத் தடத்துக்கு ஏற்ற அவ்வண்டி, பாண்டி பஜாரின் நெரிசலில் திணறும். மண்பாதைக்குரிய வண்டியின் தேவையோ இதற்கு நேர்மாறானது. 1968இல் யமஹா வெளியிட்ட டி.டி. 1 உலகெங்கும் இருவீச்சு மண்பாதை வண்டிகளுக்கு வழிகாட்டியாயிற்று. அவ்வகை வண்டிகள் அன்றைய இந்தியச் சந்தையில் பரவவில்லை. மண்பாதையில் ஓட்ட விரும்பியவர்கள் சாலை வண்டியையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. பின்சக்கரத்தில் பல் கூடிய ஸ்பிராக்கெட், கட்டை கொண்ட டயர், உயர்த்திய சைலன்சர், அகன்ற ஹேண்டில் பார் ஆகியவற்றைப் பொருத்தி, துளைகளைத் தொடாமல் விட்டுவிடுவதே தாழ்சுழற்சி இழுவையைக் காக்கும் வழி. எஞ்சினில் எதைச் செய்யக்கூடாது என்றறிவதும் செட்டிங்கின் ஒரு பகுதியே என்பதை இது காட்டுகிறது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. ஆகவே, பொதுச் சாலையைப் பொறுத்தவரை செட்டிங் சட்டத்துக்குப் புறம்பானது. இவ்வறிவு எழுத்தில் பதிவாகாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பட்டறைத் தமிழ்

தமிழில் அறிவியலை எழுதும் முயற்சி விடுதலைக்குப் பின் வலுப்பெற்றது. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கிய கலைக்களஞ்சியம் 1954 முதல் வெளிவந்தது. 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. கார்பரேட்டருக்கு ‘எரிகலப்பி’ என்பது போன்ற கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. பட்டறை அவற்றை ஏற்கவில்லை. இதைக்கொண்டு பட்டறையில் தமிழ் இல்லை என முடிவு செய்வது பிழையாகும்.

பட்டறை உரையாடலில் உறுப்புகளின் பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. வினைகளோ பெரும்பாலும் தமிழ். எஞ்சினை ‘இறக்குகிறார்கள்’. பிஸ்டன் ‘பிடிச்சுக்கிச்சு’. வண்டி ‘இழுக்கல’, ‘திணறுது’. எஞ்சின் ‘தட்டுது’. ‘ஸ்லோ நிக்கல’. இவ்வினைகள் ஒவ்வொன்றும் ஒரு பழுதின் வகையைக் குறிக்கிறது. ‘இழுக்கல’ என்றால் சுமையிலோ மேட்டிலோ ஆற்றல் குறைகிறது. கரியடைப்பும் ரிங் தேய்வும் முதலில் நினைவுக்கு வரும். ‘தட்டுது’ என்றால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் இடைவெளி கூடிவிட்டது அல்லது பேரிங் தேய்ந்துவிட்டது. ‘ஸ்லோ நிக்கல’ என்றால் கார்பரேட்டரின் பைலட் ஜெட்டிலோ காற்றுக் கசிவிலோ தேட வேண்டும்.

உறுப்பின் பெயர் ஆலையோடு வந்தது. அதன் நடத்தையை விளக்கும் மொழியைப் பட்டறையே ஆக்கிக்கொண்டது. கலைச்சொல்லாக்கம் பெயர்ச்சொற்களிலேயே கருத்தூன்றியமையால், இவ்வினைச்சொற் களஞ்சியம் ஆய்வாளர் பார்வைக்கு எட்டாமற்போயிற்று. அகராதியியலாளர் இதனைக் களப்பணி வழியே தொகுப்பது பயனுடைத்து.

புகையும் சட்டமும்

இருவீச்சு எஞ்சினின் வீழ்ச்சி அதன் அமைப்பிலேயே பொதிந்திருந்தது. புதிய கலவை உள்ளே வரும்போது வெளியேற்றத் துளையும் திறந்தே இருப்பதால், அக்கலவையில் கணிசமான பகுதி எரியாமலேயே வெளியேறுகிறது. மசகெண்ணெயும் நீலப் புகையாகிறது. 1991இல் இந்தியாவில் மாசு வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. 1996இலும் 2000இலும் அவை கடுமையாக்கப்பட்டன. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996இல் நின்றது. மைசூர் ஆலையும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 போன்ற நால்வீச்சு வண்டிகள், குறைந்த எரிபொருட் செலவால் முன்பே சந்தையைக் கவரத் தொடங்கியிருந்தன. அடையாறு அருகே 1959இல் நிறுவப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் எஞ்சின் ஆய்வகத்தில், இருவீச்சு எஞ்சினின் எரிபொருள் வீணாவதைக் குறைக்கும் ஆய்வுகள் நடைபெற்றன. அங்குப் பெற்ற முடிவுகளும் சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த பட்டறைகளின் அனுபவமும் ஒன்றையொன்று சந்திக்க அமைப்புரீதியான வழி இருக்கவில்லை.

மாசு வரம்புகள் தேவையானவை என்பதில் ஐயமில்லை. அப்புகையை மிகுதியாகச் சுவாசித்தவர் மெக்கானிக்கே. கைகளைப் பெட்ரோலில் கழுவுவது பட்டறை வழக்கம். 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாகி, 2000இல் நாடு முழுவதும் ஈயம் நீக்கப்படும் வரை, அவர்களுடைய தோலில் பட்டது ஈயம் கலந்த பெட்ரோல். பயிற்சி முறையும் குறையற்றதன்று. பள்ளியை விட்ட சிறுவர்களின் உழைப்பின் மீதே அது நின்றது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2016இல் அதன் திருத்தமும் வந்தன. சிறுவனைப் பட்டறைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பும் சமூகம் மேலானது. ஆனால் பட்டறை கற்பித்ததைக் கற்பிக்க வேறோர் ஏற்பாடு செய்யப்படவில்லை.

வெள்ளம் தந்த சான்று

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் எண்ணற்ற இருசக்கர வண்டிகள் நீரில் மூழ்கின. மூழ்கிய இருவீச்சு எஞ்சினைக் காப்பதற்குரிய காலம் மிகக் குறைவு. அதன் கிராங்க் அறையில் தனியே எண்ணெய் தேங்கி நிற்பதில்லை. நீர் புகுந்தால் பேரிங்குகள் சில நாள்களில் துருவேறும். பிளக்கைக் கழற்றி, வண்டியைச் சாய்த்து நீரை வடித்து, கிக்கரை மிதித்து, பெட்ரோலும் எண்ணெயும் ஊற்றி அலசி, மீண்டும் மிதிக்க வேண்டும். நீரோடு ஸ்டார்ட் செய்ய முயன்றால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். இவ்வரிசையை அறிந்தவர் தெருவில் இருந்தாரா இல்லையா என்பதே ஒரு பழைய வண்டி பிழைப்பதையும் புதுப்பேட்டைக்குச் செல்வதையும் தீர்மானித்தது. எழுதப்படாத அறிவு எத்தகைய பொதுச்சொத்து என்பதை இத்தகைய பேரிடர் உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: முதலாவது, சென்னையின் இருவீச்சுப் பட்டறை அறிவு பல நாட்டுப் பொறியியல் மரபுகள் ஒரே கையில் சந்தித்ததன் விளைவு. இரண்டாவது, அது பற்றாக்குறையால் வளர்ந்து, உதிரிப் பாகக் கடை, லேத், பட்டறை என்னும் நகர வலைப்பின்னலைச் சார்ந்து நின்றது. மூன்றாவது, பழுதை வகைப்படுத்தும் வினைச்சொற்களைத் தமிழிலேயே அது ஆக்கிக்கொண்டது. நான்காவது, மாசுச் சட்டங்கள் எஞ்சினை நியாயமான காரணத்தால் விலக்கின. அதனோடு சேர்ந்து அறிவும் விலகுவது தவிர்க்கக்கூடியது.

ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகள் இன்று சேகரிப்போரால் விரும்பி வாங்கப்படுகின்றன. வண்டிகள் காக்கப்படுகின்றன, அவற்றை ஓடவைத்தவர்களின் சொற்களும் செயல்முறைகளும் காக்கப்படவில்லை. 1980களில் இளைஞராகத் தொழில் கற்றவர்கள் இன்று அறுபதை ஒட்டிய அகவையினர். தென்சென்னைப் பட்டறைகளில் ஒலி, ஒளிப் பதிவுடன் கூடிய வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இயந்திரப் பொறியியல் துறைகளும் இணைந்து மேற்கொள்ள வேண்டும். அது அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு ஒத்திவைக்கத்தக்க பணியன்று. அப்போது கேட்பதற்கு ஆளிருக்கும், சொல்வதற்கு ஆளிருக்காது.